நண்டுக்கு எந்த 'ந'?

டிஸ்லெக்சியா உள்ள பிள்ளைக்கு வீட்டில் எழுத்துப் பழக்குவது பற்றித் தூத்துக்குடியில் பெற்றோர் முன் ஆற்றிய உரை



என் கையில் இருப்பது ஒரு பழைய நாற்பது பக்க நோட்டு. என் மகன் நான்காம் வகுப்பில் எழுதியது. அட்டையில் பெயர், வகுப்பு, அதன் கீழே ஊர். ஊர்ப் பெயரை அவன் எழுதியிருப்பதை அப்படியே படிக்கிறேன்: "துதுகுடி". உள்ளே ஐந்தாம் பக்கத்தில் ஒரு நண்டுப் படம். கால்கள் எட்டு, கொடுக்குகள் இரண்டு, கொடுக்கின் பல்கூட விடாமல் வரைந்திருக்கிறான். படத்தின் கீழே "னன்டு" என்று எழுதியிருக்கிறான். அதைச் சுற்றிச் சிவப்பு மையில் ஒரு வட்டம். வட்டம் போட்டது நான்.

நான் தமிழாசிரியை. எத்தனையோ பிள்ளைகளின் விடைத்தாள்களைத் திருத்திய கை இது. அன்றைக்கு என் பிள்ளையிடம், "நண்டு என்று நூறு தடவை எழுது, அப்புறம்தான் சாப்பாடு" என்றேன். அந்த நூறும் இந்த நோட்டின் கடைசிப் பக்கங்களில் இருக்கின்றன. முதல் இருபது வரி சரியாக இருக்கிறது. அதற்குப் பிறகு "நன்டு" வருகிறது. பிறகு "நணடு", புள்ளி போய்விட்டது. கடைசி வரியில் மறுபடியும் "னன்டு". நூறு தடவை எழுதி, புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்திருக்கிறான். அந்தக் கடைசி வரியை நான் அன்று கவனிக்கவில்லை. பக்கம் நிறைந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்தேன். இரண்டு வருஷம் கழித்து, விஷயம் புரிந்த பிறகு எடுத்துப் பார்த்தபோது, அந்த வரி என்னைத் தூங்கவிடவில்லை.

பள்ளியிலும் அவனை மந்தம் என்றுதான் சொன்னார்கள். ஆனால் அவன் தாத்தா, என் மாமனார், அப்படி நினைக்கவில்லை. அவர் சங்கு குளித்தவர். எந்தக் காற்றுக்கு எந்தப் பக்கம் மீன் படும், எத்தனை பாகம் ஆழத்தில் பார் இருக்கிறது என்று அவர் சொன்னதையெல்லாம் என் மகன் ஒருமுறை கேட்டுத் திருப்பிச் சொல்லுவான். கொண்டல், கச்சான், வாடை, சோழகம் எல்லாம் அவனுக்குத் தெரியும். அவற்றில் ஒன்றைக்கூட எழுதத் தெரியாது. "வாயால கேட்டா எல்லாம் சொல்லுதான், எழுதச் சொன்னாத்தான் முழிக்கான். அப்ப கோளாறு புள்ளகிட்ட இல்லத்தா, எழுத்துகிட்ட இருக்கு" என்றார் அவர். அவர் பள்ளிக்கூடமே போகாதவர்.

கிட்டத்தட்ட இதையேதான் 1896-ல் இங்கிலாந்தில் பிரிங்கிள் மார்கன் என்ற மருத்துவர் எழுதினார். பெர்சி என்ற பதினான்கு வயதுப் பையன். நல்ல அறிவு, கண்ணில் பழுதில்லை, ஆனால் வாசிக்க வரவில்லை. தன் பெயரின் எழுத்துகளையே இடம் மாற்றி 'பிரெசி' என்று எழுதினான். பாடம் முழுக்க வாய்மொழியாக நடந்தால் பள்ளியிலேயே இவன்தான் கெட்டிக்காரனாக இருப்பான் என்று அவனுடைய ஆசிரியர் சொன்னதையும் மார்கன் குறித்து வைத்திருக்கிறார். டிஸ்லெக்சியா என்ற சொல்லை அதற்கு முன்பே 1887-ல் ஜெர்மானியக் கண் மருத்துவர் ருடால்ஃப் பெர்லின் உண்டாக்கியிருந்தார். ஆனால் இது கண்ணின் நோய் இல்லை. சோம்பலும் இல்லை, அறிவுக் குறைவும் இல்லை. பேச்சில் இருக்கும் ஒலிகளைத் தனித்தனியாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் அதற்குரிய எழுத்தோடு பிணைக்கும் வேலை இந்தப் பிள்ளைகளின் மூளையில் வேறு விதமாக, மெதுவாக நடக்கிறது. குடும்பத்தில் ஒருவருக்கு இருந்தால் இன்னொருவருக்கும் வர வாய்ப்புண்டு. வாசிப்பு ஓரளவு சீராகிவிட்ட பிறகும் எழுத்துப்பிழை மட்டும் வெகுகாலம் கூடவே வரும். அதனால்தான் இன்று எழுத்துப்பிழையை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

உங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். பிழையை அடிப்பதற்கு முன்னால் அதைப் படியுங்கள். விடைத்தாளைப் படிக்கிற மாதிரி வேண்டாம். ஊரிலிருந்து வந்த கடிதத்தைப் படிக்கிற மாதிரி படியுங்கள்.

"துதுகுடி"யை எடுத்துக்கொள்ளுங்கள். நம் ஊர்ப் பெயரில் ஆறு எழுத்து: தூ, த், து, க், கு, டி. என் மகன் நான்கு எழுதியிருக்கிறான். விட்டுப்போனவை இரண்டும் புள்ளி எழுத்துகள். அதோடு நெடில் குறிலாகியிருக்கிறது. அப்படியானால் அவன் கண்டபடி எழுதவில்லை. சொல்லில் நான்கு தட்டு இருப்பதைச் சரியாகக் கேட்டு, தட்டுக்கு ஓர் எழுத்து வைத்திருக்கிறான். தட்டுக்குள் நாக்கு ஒட்டி நிற்கிற அந்த அரை ஒலி மட்டும் அவன் காதுக்குப் பிடிபடவில்லை. இந்தப் பிள்ளைக்கு எழுதிப் பழகுவது இரண்டாவது வேலை. கேட்டுப் பழகுவதுதான் முதல் வேலை.

அதற்கு நம்மிடமே கருவி இருக்கிறது. தொல்காப்பியம் மாத்திரையைக் கண் இமைப்பதாலும் விரல் நொடிப்பதாலும் அளக்கிறது. குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை. நாம் அதைத் தேர்வுக்கு இரண்டு மதிப்பெண் கேள்வியாக வைத்திருக்கிறோம். நான் அதை வீட்டுத் திண்ணைக்குக் கொண்டுவந்தேன். நெடில் வந்தால் கையை முன்னால் நீட்டித் தள்ளுவோம். குறிலுக்கு ஒரு தட்டு. புள்ளி எழுத்து வந்தால் விரல்களை மடக்கி முஷ்டி. தூ என்று தள்ளி, த் என்று மடக்கி, து என்று தட்டி, க் என்று மடக்கி, கு, டி என்று இரண்டு தட்டு. நோட்டு கிடையாது, பென்சில் கிடையாது. முத்து, சங்கு, கப்பல், உப்பளம், பரோட்டா என்று வாயில் வந்ததையெல்லாம் தட்டினோம். மூன்று வாரம் வரைக்கும் எழுதவே விடவில்லை. நான்காவது வாரம் அவன் கடைப் பலகையைப் பார்த்து நின்று, "அம்மா, இதுல ரெண்டு முஷ்டி இருக்கு" என்றான்.

அடுத்து நண்டு. "னன்டு" என்று எழுதியவன் ஒலியை விடவில்லை. மூன்று ஒலிக்கும் இடம் வைத்திருக்கிறான். எந்த 'ந' என்பதில்தான் தடுமாறுகிறான். ந, ன, ண மூன்றையும் நாம் பேசும்போது எவ்வளவு பிரித்துச் சொல்கிறோம்? முதல் இரண்டும் நம் வாயில் ஒன்றாகிவிட்டன. காதில் இல்லாத வித்தியாசத்தை எழுத்தில் காட்டு என்றால், எங்கிருந்து காட்டுவான்?

நாம் எப்படிச் சொல்லிக் கொடுக்கிறோம் என்று பாருங்கள். "ரெண்டு சுழியா, மூணு சுழியா?" என்று கேட்கிறோம். சுழியை எண்ணுவது கண்ணுக்கும் நினைவுக்கும் வேலை. எழுத்தின் உருவத்தை நினைவில் பிடித்து நிறுத்துவதுதான் இந்தப் பிள்ளைக்குக் கஷ்டம். அந்த உருவத்தையே எழுத்துக்குப் பெயராகவும் வைத்து அவனிடம் கேட்கிறோம்.

நம் முன்னோர் அப்படிப் பெயர் வைக்கவில்லை. ண-வுக்கு டண்ணகரம், ந-வுக்குத் தந்நகரம், ன-வுக்கு றன்னகரம் என்று வைத்தார்கள். பயிற்சிக் கல்லூரியில் இதை மனப்பாடம் செய்தேன். பிறகு பல வருஷம் வகுப்பில் ஒப்பித்தேன். ஏன் இந்தப் பெயர் என்று யோசித்ததில்லை. என் மகனுக்காக யோசித்தேன். ட-வுக்கு முன்னால் வருவது டண்ணகரம்: நண்டு, கொண்டல், வண்டி. த-வுக்கு முன்னால் வருவது தந்நகரம்: சந்தை, பந்து, வந்தான். ற-வுக்கு முன்னால் வருவது றன்னகரம்: தென்றல், கன்று, நன்றி. ஒவ்வொரு எழுத்தின் பெயரிலும் அதன் கூட்டாளி ஒட்டிக்கொண்டு நிற்கிறது. தமிழ்ச் சொல் ண-விலோ ன-விலோ தொடங்காது. முதலில் வந்தால் அது தந்நகரம்தான். இதைத் தெரிந்துகொண்ட பிள்ளை நண்டு என்று எழுத எதையும் நினைவில் சுமக்க வேண்டாம். முதலில் வருவதால் ந. பக்கத்தில் ட இருப்பதால் ண். யோசித்தே எழுதிவிடலாம்.

"ஏல, நண்டுக்கு எந்த ந?" என்று கேட்டேன். "முதல்ல வருது, அதனால தந்நகரம். பக்கத்துல டு நிக்கி, அதனால டண்ணகரம்" என்றான். "யாரு சொன்னா?" என்றேன். "யாரும் சொல்லலம்மா, அதுவே சொல்லுது" என்றான்.

இந்த வகை விதிகள் தமிழில் நிறைய உண்டு. க-வுக்கு முன்னால் ங்: சங்கு, நங்கூரம். ச-வுக்கு முன்னால் ஞ், ப-வுக்கு முன்னால் ம். ர-வும் ழ-வும் இரட்டிக்கவே இரட்டிக்காது. ஆகையால் வள்ளத்தில் சிறப்பு ழகரம் வர வழியில்லை. ட், ற் என்ற இரண்டுக்கும் பின்னால் இன்னொரு புள்ளி வல்லினம் நிற்காது. முயற்சி, நட்பு என்றுதான் எழுத வேண்டும். மற்றப் பிள்ளைகள் படிக்கப் படிக்க இவற்றைத் தாமாகவே உறிஞ்சிக்கொள்வார்கள். டிஸ்லெக்சியா உள்ள பிள்ளைக்கு ஒவ்வொன்றையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

இங்கே புன்னைக்காயலை நினைக்காமல் இருக்க முடியவில்லை. பதினாறாம் நூற்றாண்டில் போர்ச்சுகலிலிருந்து இந்த முத்துக்குளித்துறைக்கு வந்து, புன்னைக்காயலில் பணிசெய்த அண்டிரிக் அடிகளார், தொட்டிலில் கேட்காத தமிழை வளர்ந்த பிறகு கற்றார். 1578-ல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' அவர் தமிழாக்கியது. தமக்குப் பின்னால் வருகிறவர்களுக்காகத் தமிழ் இலக்கணம் ஒன்றைப் போர்ச்சுகீசிய மொழியில் எழுதி வைத்தார். நமக்குத் தானாக வருவதை அவர் ஒவ்வொன்றாக விதி பிரித்துத்தான் பிடிக்க வேண்டியிருந்தது. டிஸ்லெக்சியா உள்ள பிள்ளை தமிழைக் காதால் நம்மைப் போலத்தான் கற்றது. ஆனால் எழுத்து என்று வரும்போது, அது கப்பலில் வந்து இறங்கிய பிள்ளை.

எல்லாவற்றுக்கும் விதி உண்டு என்று நான் ஏமாற்ற மாட்டேன். அன்பு, நண்பன் இரண்டிலும் பக்கத்தில் ப. ஒன்றில் ன், இன்னொன்றில் ண். இங்கே நினைவுதான் வேலை செய்ய வேண்டும். ல, ள, ழ இன்னும் கஷ்டம். அதிலும் நம் பக்கத்துப் பேச்சில் ழ, ள ஆகிவிடுகிறது. 'மளை பெய்யுது', 'வாளப்பளம்' என்றுதான் வீட்டில் பேசுகிறோம். 'காத்து' என்று பேசிவிட்டுக் காற்று என்று எழுதுகிறோம். ஆகவே பிள்ளை 'மளை' என்றோ 'காத்து' என்றோ எழுதினால், அது ஊரின் காதில் கேட்டதை ஒழுங்காக எழுதியிருக்கிறது. அதை நோயாகப் பார்க்காதீர்கள். எல்லாப் பிள்ளைகளும் தொடக்கத்தில் அப்படித்தான் எழுதுவார்கள். நாலைந்து வகுப்பு தாண்டியும் போகாமல், புள்ளி விடுதலும் குறில் நெடில் மயக்கமும் அதோடு சேர்ந்தே இருந்தால்தான் யோசிக்க வேண்டும்.

இப்படிப்பட்ட சொற்களைத் தனித்தனியாகக் கொடுத்தால் தங்காது. பொருளோடு கொடுத்தால் தங்கும். மீனுக்கு வீசுகிற வலை, நண்டு நுழைகிற வளை. கடலுக்குக் கரை, சட்டையில் கறை. நம் துறைமுகத்துக்குத் துறை, வெள்ளைக்காரத் துரை. பனிமய மாதாவின் பனி, அப்பா பார்க்கும் பணி. ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரு அட்டை, அட்டையில் அவனே வரைந்த படம். ஒரு நாளைக்கு ஒரு ஜோடி, அதற்கு மேல் கிடையாது. சேர்ந்தாற்போல மூன்று ஜோடி கொடுத்த நாளில் ஏற்கெனவே தெரிந்ததும் குழம்பியது. அந்தத் தவறையும் செய்துதான் தெரிந்துகொண்டேன்.

இனி உயிர்க்குறிகள். 'தோணி' என்று சொல்லிப் பாருங்கள். முதலில் காதில் விழுவது த், பிறகு ஓ. எழுதும்போது முதலில் போடுவது ஓசையில் பின்னால் வருகிற இரட்டைக்கொம்பு, பிறகு த, பிறகு துணைக்கால். காது ஒரு வரிசை சொல்கிறது, கை இன்னொரு வரிசையில் போக வேண்டியிருக்கிறது. பிள்ளை காதை நம்பி த-வை முதலில் எழுதிவிட்டால், கொம்புக்கு இடமில்லை. 'தாணி' என்று நிற்கும். இதைப் பார்த்தால் கவனக்குறைவு என்று சொல்லாதீர்கள். எழுதும்போதே "முன்னால ரெட்டைக் கொம்பு, நடுவுல த, பின்னால கால்" என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதப் பழக்குங்கள். ஒரு மாதம் வாய் சொல்லும், பிறகு முணுமுணுக்கும், பிறகு கை தானாகப் போகும்.

எழுத்து மாறாதது என்று நினைத்து நாம் பிள்ளையை மாற்றப் பார்க்கிறோம். ஓலையில் எழுதிய காலத்தில் புள்ளியே வைக்க மாட்டார்கள். குறில் எகரமும் நெடில் ஏகாரமும் ஒரே வடிவம். நம் மாவட்டத்துக் காமநாயக்கன்பட்டியில் பணிசெய்த வீரமாமுனிவர்தான் பதினெட்டாம் நூற்றாண்டில் அவற்றை வேறுபடுத்தினார். 1978-ல் அரசு பதின்மூன்று எழுத்துகளின் வடிவத்தை எளிமையாக்கியது; தும்பிக்கை வைத்த லை, னை எழுதிப் பழகிய கைகள் இந்த அரங்கிலேயே இருக்கும். கற்பவருக்காக எழுத்தே வளைந்து கொடுத்திருக்கிறது. பாளையங்கோட்டையில் 1890-லேயே ஆஸ்க்வித் அம்மையார் பார்வையற்ற பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கி, எழுத்தை விரலுக்குக் கொண்டுபோனார். நாற்பத்தைந்து, ஐம்பது கிலோமீட்டர் தூரத்தில் நடந்த காரியம் இது.

விரல் என்றதும் உப்புக்கு வருகிறேன். மேசையில் பத்துத் தட்டுகள் வைத்திருக்கிறேன், பார்த்திருப்பீர்கள். சாப்பாட்டுத் தட்டில் தூள் உப்பை விரல் கனத்துக்குப் பரப்பியிருக்கிறேன். கல்லுப்பு வேண்டாம், விரலில் உறுத்தும். பிள்ளை ஒலியைச் சொல்லிக்கொண்டே ஆட்காட்டி விரலால் எழுத்தை எழுதும். தவறினால் தட்டை ஒரு குலுக்கு, பிழை போய்விடும். வட்டம் கிடையாது, அடித்தல் கிடையாது, நாளைக்கு எடுத்துக் காட்ட ஒரு தாளும் கிடையாது. என் மகன் நோட்டைப் பார்த்தாலே வயிற்று வலி என்பான். தட்டைப் பார்த்து ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை.

இதை எனக்குச் சொன்னது ஒரு சிறப்பாசிரியை. அவர் அமெரிக்க முறை என்று சொன்னார். உண்மைதான், 1930களில் சாமுவேல் ஆர்ட்டன் என்ற மருத்துவரின் ஆய்வைக் கொண்டு அன்னா கில்லிங்ஹாம் என்ற ஆசிரியை, கண், காது, கை மூன்றையும் ஒரே நேரத்தில் வேலை செய்ய வைக்கும் பாடமுறையை வகுத்தார். ஆனால் மாமனார் அந்தத் தட்டைப் பார்த்துவிட்டு, "எங்க அப்பாவுக்கு அண்ணாவி மணல்லதான் எழுதிக் குடுத்தாரு" என்றார். அவர் சொன்னதிலும் பிசகில்லை. 1789-ல் சென்னை எழும்பூரில் ராணுவ அனாதைப் பிள்ளைகளின் விடுதியை நடத்திய ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், நம் பள்ளிப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதுவதைப் பார்த்தார். தம் பள்ளியில் அதைக் கொண்டுவந்தார். 1797-ல் லண்டனில் அதைப் பற்றிப் புத்தகம் போட்டார்; அந்தக் கல்விமுறைக்கே 'மெட்ராஸ் முறை' என்று பெயர் வந்தது. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரில் அவர் கொடுத்த பணத்தில் உருவான பள்ளிக்கு இன்றும் பெயர் 'மெட்ராஸ் காலேஜ்'. திண்ணையில் கிடந்த மணலை நாம் பெருக்கித் தள்ளிவிட்டோம். அதற்குப் பதில் நாலு வயதுப் பிள்ளை கையில் இரட்டை வரி நோட்டைக் கொடுத்தோம்.

எவ்வளவு நேரம் என்று கேட்பீர்கள். ஒரு நாளைக்குப் பதினைந்து நிமிஷம். அதற்கு மேல் வேண்டாம், ஆனால் ஒரு நாளும் விட வேண்டாம். பள்ளி விட்டு வந்ததும் உட்கார வைக்காதீர்கள். நாள் முழுக்க எழுத்தோடு மல்லுக்கட்டிவிட்டு வந்திருக்கிறது. விளையாடிவிட்டு, ஏதாவது தின்றுவிட்டு வரட்டும். முதலில் மூன்று நிமிஷம் கைதட்டு. பிறகு பழைய சொல் மூன்று, புதுச் சொல் இரண்டு, தட்டில். கடைசியில் அந்த ஐந்தில் ஒன்றையோ இரண்டையோ வைத்து அவனே சொல்கிற ஒரு வாக்கியம், தாளில். சரியாக வந்த எழுத்துகளை எண்ணிச் சொல்லுங்கள். ஆறு எழுத்தில் ஐந்து சரி என்றால், அந்த ஐந்தை முதலில் தொட்டுக் காட்டுங்கள். இன்று வந்த சொல் நாளை போய்விடும். கோபம் வரும். எனக்கு வந்தது, எத்தனையோ நாள் வந்தது. அப்போது எழுந்து போய்த் தண்ணீர் குடியுங்கள். மறந்துபோவது இந்தப் பிள்ளையின் பிடிவாதம் இல்லை, இதன் இயல்பு. மற்றப் பிள்ளைக்கு நாலு தடவை வேண்டியது இதற்கு நாற்பது தடவை வேண்டும்; அந்த நாற்பதும் ஒரே நாளில் வேண்டாம்.

ஆங்கிலத்தைப் பற்றி ஒரு வார்த்தை. உங்களில் பலருடைய பிள்ளைகள் ஆங்கில வழியில் படிக்கிறார்கள். ஆங்கிலத்தில் ஒலிக்கும் எழுத்துக்கும் உள்ள உறவு தமிழை விட மிகவும் சிக்கலானது. இந்தப் பிள்ளைகளை அது இன்னும் வாட்டும். ஒலியைப் பிரித்துக் கேட்கும் பழக்கம் வீட்டு மொழியில் முதலில் வரட்டும் என்பது என் கருத்து. தமிழில் முஷ்டி மடக்கத் தெரிந்த பிள்ளை ஆங்கிலத்திலும் மடக்கும்.

சான்றிதழ் விஷயத்தில் தயங்காதீர்கள். முதலில் காதும் கண்ணும் சோதித்துவிட்டு, குழந்தை மருத்துவர் வழியாக உளவியலாளரைப் பாருங்கள். 2016-ல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் கற்றல் குறைபாட்டையும் இருபத்தொரு வகைகளில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறது. பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுகிற ஆள் போன்றவற்றைக் கேட்டு வாங்கலாம். சென்னையில் 1990களிலிருந்து மெட்ராஸ் டிஸ்லெக்சியா சங்கம் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்து வருகிறது. 'பேரு வந்துரும்' என்று சில தாய்மார்கள் பயப்படுகிறார்கள். என் மகனுக்கு மந்தம் என்ற பெயர் சான்றிதழ் இல்லாமலே வந்தது.

அவன் இப்போது ஐ.டி.ஐ. முடித்துவிட்டு விசைப்படகு எஞ்சின் வேலை பார்க்கிறான். இன்றைக்கும் அவசரத்தில் எழுதினால் பணி பனியாகும். போன வாரம் அவன் கடைச் சுவரில் சாக்பீஸால் எழுதியிருந்ததைப் பார்த்தேன்: "ஞாயிறு விடுமுறை. தூத்துக்குடி வண்டி திங்கள் வரும்." எனக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க வேண்டியிருந்தது.

பேச்சு போதும். இங்கே வாருங்கள், தட்டுக்கு இரண்டு பேராக நில்லுங்கள். வலது கைக்காரர்கள் இடது கையால், இடது கைக்காரர்கள் வலது கையால் 'தூத்துக்குடி' என்று எழுதுங்கள். கண்ணை மூடிக்கொள்ளுங்கள். எழுதும்போது பக்கத்தில் நிற்பவர் விடாமல், "சீக்கிரம், சீக்கிரம்" என்று சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும்.